எழுதி வைத்த பாஸும் கோடியக்கரைக் காடும்

நமது சங்கத்து இதழில் பயணக் கட்டுரை எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் காசி, கயை, டார்ஜிலிங், பூரி என்று நாம் வாழும் கிழக்குப் பகுதியைச் சுற்றியுள்ள இடங்களைப் பற்றியே எழுதி வருகிறார்கள். நான் எழுதப் போவது நம்மில் பலருக்கு ஊர்ப்பக்கமாகிய சோழநாட்டுக் கடற்கரையின் கோடியில் இருக்கும் ஒரு காட்டைப் பற்றி. நான் எழுத்தாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரெயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவன். ஆகவே, சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆயினும், இதனை எழுதாதிருக்க என் மனம் இடந்தரவில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

என் தந்தையார் வேதாரண்யத்தை அடுத்த கோடியக்காடு என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1975ஆம் ஆண்டு, இருபது வயதில், அங்கிருந்து ரெயிலேறிக் கரக்பூர் வந்து பணிமனையில் சேர்ந்தார். நாற்பது ஆண்டுகள் உழைத்து, 2015இல் ஓய்வு பெற்றார். நாங்கள் பிள்ளைகள் மூவரும் கரக்பூரிலேயே பிறந்து, வங்காளமும் இந்தியும் பேசி வளர்ந்தோம். வீட்டில் மட்டும் தமிழ். இரவு உணவுக்குப் பின் தந்தையார் எங்களை உட்கார வைத்து ஊர்க்கதை சொல்லுவார். அதில் எப்போதும் ஒரு காடு வரும். "சித்திரை வெயிலிலே ஊரே காய்ந்து கிடக்கும், எங்கள் காடு மட்டும் பச்சையாய் நிற்கும். காட்டை விட்டு வெளியே வந்தால் மான் மேயும் வெளி, வெளியைத் தாண்டினால் கடல்" என்பார். அந்தக் காட்டிலே, குழகர் கோயிலுக்கு அப்பால், ஒரு பெரிய பாலை மரத்தடியில் ஆடுகளை விட்டுவிட்டு உறங்கிய கதையை நூறு முறையாவது சொல்லியிருப்பார். பிள்ளைப் பருவத்தில் வாய் திறந்து கேட்டோம். வளர்ந்த பின்னர், "அப்பா, இது பழைய கதை" என்று எழுந்து போனோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, 'கஜா' புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. நான்கு நாள் கழித்துத்தான் என் சித்தப்பாவின் குரலைத் தொலைபேசியில் கேட்க முடிந்தது. வீட்டுக் கூரை போயிற்று, தென்னை ஒன்றுகூட மிச்சமில்லை என்று சொல்லிவிட்டுக் கடைசியில், "அண்ணே, காடும் போச்சு" என்றார். தந்தையார் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை, "தம்பி, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்" என்றார். அதற்குள் அவருக்கு இரு முழங்கால்களிலும் வலி, பார்வையும் மங்கியிருந்தது. தனியே அனுப்ப இயலாது. நான் துணைக்குப் போக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது பாஸ் பிரிவில். நாள்தோறும் பிறருடைய பயணங்களுக்குச் சீட்டு எழுதுவதே என் உத்தியோகம். அந்நாளில் பாஸைக் கையால்தான் எழுதுவோம். தந்தையாரின் ஓய்வுக்காலப் பாஸையும் நானே எழுதினேன். எங்கே போக என்று கேட்டபோது, "அகஸ்தியம்பள்ளி என்று எழுது" என்றார். "அங்கே இப்போது பாதை இல்லையே, அப்பா" என்றேன். அவர் ஊரை விட்டு வந்த காலத்தில் மீட்டர் பாதை கோடியக்கரை வரையிலும் ஓடிற்று. பிறகு அகஸ்தியம்பள்ளியோடு நின்றது. பின்னர் அகலப்பாதையாக்குவதற்காக அதுவும் நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் வண்டியே இல்லாமற் கிடந்தது. "அப்படியானால் உனக்குத் தெரிந்த இடம் வரை எழுது" என்று சிரித்தார். கரக்பூரிலிருந்து திருவாரூர் வரை என்று எழுதினேன்.

எழுதினேனே தவிர, போகவில்லை. மார்ச்சுக் கணக்கு முடியட்டும் என்றேன். பிறகு மகளின் பள்ளிச் சேர்க்கை. பிறகு வெயில் தணியட்டும் என்றேன். லீவு கேட்டு யாரும் மறுக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. அந்தப் பாஸின் தவணை முடிந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பயணி வண்டிகளே நின்றன. அடுத்த ஆண்டு, 2021இல், தந்தையார் காலமானார். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, பணி ஆணைக்கும் ஓய்வூதியப் புத்தகத்திற்கும் நடுவே, மடிப்புக் கலையாமல் அந்தப் பாஸ் இருந்தது. என் கையெழுத்து.

சென்ற தை அமாவாசைக்குத்தான் என் தாயாரையும் பதினோரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். கோடியக்கரைக் கடலுக்கு ஆதிசேது என்று பெயர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோர்க்கு நீர்க்கடன் செய்ய அங்கே பெருந்திரளாக மக்கள் கூடுவார்கள். அந்தக் கடலில் தந்தையாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்பது தாயாரின் விருப்பம்.

சென்னையிலிருந்து இரவு வண்டியில் புறப்பட்டு, விடியற்காலையில் திருத்துறைப்பூண்டியில் இறங்கினோம். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர். நின்று போயிருந்த அந்தப் பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் மறுபடியும் திறக்கப்பட்டது. தந்தையார் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் கேட்ட பாதை வந்தது. நான் எழுத மறுத்த பெயருக்கு இப்போது சீட்டு வாங்கினேன். சாளரத்தின் ஓரத்தில் அமர்ந்த தாயார், கரியாப்பட்டினம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று ஒவ்வொரு நிலையமாகப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வேதாரண்யம் தாண்டியதும் இருபுறமும் வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள் தோன்றின. அவற்றின் நடுவே வண்டி நின்றது. பாதையும் அத்துடன் முடிந்தது.

கரக்பூரில் நாம் நாள்தோறும் காணும் நடைமேடை 1,072 மீட்டர் நீளமுடையது. அகஸ்தியம்பள்ளியோ ஓசையடங்கிய சிறு நிலையம். பெயர்ப்பலகையின் முன் என் மகள் நின்றாள். இந்தியில் எழுதியிருந்ததை ஒரே மூச்சில் படித்துவிட்டாள். தமிழில் எழுதியிருந்ததை, நமது சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றபடி, எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். 'ஸ்' என்ற எழுத்தில் தடுமாறி நின்றபோது, நிலையத்திற்கு வந்திருந்த சித்தப்பா, "மெதுவாகப் படி ஆயி, வண்டி இனிமேல் எங்கேயும் போகாது" என்றார்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் எங்களை முதலில் அழைத்துச் சென்றது உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணுக்கு. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜி அவர்கள் சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். ஏறத்தாழ 150 மைல் நடந்து வேதாரண்யம் வந்தடைந்து, ஏப்ரல் 30ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துச் சிறை சென்றார். அவர்களை வரவேற்று ஆதரித்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்கள். இவை நாம் பள்ளியில் படித்தவையே. ஆனால் சித்தப்பா, தம் பாட்டனார் வாயிலாகக் கேட்ட வேறொன்றைச் சொன்னார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அன்றைய தஞ்சைக் கலெக்டர் தார்ன் என்பவர் ஆணை பிறப்பித்திருந்தார். கொடுத்தால் குற்றம், கொடாவிட்டால் பாவம். மக்கள் ஒரு வழி கண்டார்கள். சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். நடந்து வருவோர் எடுத்து உண்டார்கள். யார் கொடுத்தார் என்று எந்தப் போலீஸாரைக் கேட்பது? மரம்தான் கொடுத்தது! என் மகள் இக்கதையை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

தூணைச் சுற்றிலும் இன்றும் உப்பளங்களே. தை மாதமாகையால், மழையில் கரைந்த பாத்திகளைத் திருத்தி, மிதித்துச் சமன்செய்துகொண்டிருந்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 30ஆம் நாள் இங்கே உப்பெடுத்து அந்நாளை நினைவுகூர்கிறார்கள் என்றும் அறிந்தேன்.

மறுநாள் அமாவாசை. இருள் பிரியுமுன்பே கோடியக்கரைக்குப் போனோம். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை, இங்கேதான் மேற்கு நோக்கித் திரும்புகிறது. படத்தில் பார்த்தால் ஒரு மூக்குப் போலத் தோன்றும். வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் இடம். கடல் ஆழமின்றி நெடுந்தூரம் செல்கிறது. இடுப்பளவு நீரில் நின்று, புரோகிதர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டேன். "எந்த ஊர்?" என்று அவர் கேட்டார். கரக்பூர் என்று சொல்ல வாய் எடுத்தேன். கரையில் நின்ற தாயார் அதற்குள், "கோடியக்காடு!" என்று உரக்கச் சொன்னார்கள். ஐம்பது ஆண்டு வெளியூரில் வாழ்ந்தவருக்கு, எள்ளுத் தண்ணீர் விடும்போது கேட்கும் ஊர் அதுதான் போலும்.

மாலையில் பழைய கலங்கரை விளக்கம் இருந்த இடத்தைக் காணச் சென்றோம். கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்குக் கோடியக்கரையை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1950இல் தொடங்கித் தொடராக வெளிவந்த அந்நவீனத்தில், பூங்குழலி படகு செலுத்திய கரையல்லவா இது! சோழர் காலத்ததாகக் கூறப்படும் செங்கற் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி இக்கரையில் நெடுங்காலம் நின்றுகொண்டிருந்தது. தந்தையார் சிறுவயதில் அதன்மேல் ஏறி விளையாடியதாகச் சொல்வார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அதைச் சாய்த்துவிட்டது. இப்போது இருப்பவை அடித்தளத்தின் சிதைவுகளும் செங்கற் குவியலும் மட்டுமே. ஆயிரம் ஆண்டுக் காற்றையும் மழையையும் தாங்கியதாகச் சொல்லப்படும் ஒன்று ஒரே காலைப்பொழுதில் போய்விட்டது. ஊர் எங்கே போய்விடப் போகிறது, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று நான் தந்தையாரிடம் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே அதிக நேரம் நிற்க என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் காட்டுக்குப் போனோம். குழகர் கோயிலில் முதலில் வணங்கினோம். கோடிக்குழகர் என்னும் இத்தலத்து இறைவனைச் சுந்தரமூர்த்தி நாயனார் பாடியிருக்கிறார். கடற்காற்று வந்து அறையும் இந்தக் காட்டுக்கரையில் துணையின்றித் தனியே இருக்கின்றாயே என்று இறைவனுக்காகவே அவர் இரங்குகிறார். வெளியூரிலிருந்து வந்த அடியார், ஊரில் இருக்கும் சுவாமியைப் பார்த்துத் தனிமை உனக்கு எப்படிப் பொறுக்கிறது என்று கேட்கிறார். ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் தனிமை என்று நான் எண்ணியிருந்தேன். எல்லோரும் போன பின் அங்கேயே இருந்துவிட்ட சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திருநீற்றை மடித்துக்கொண்டிருந்தார்.

கோடியக்கரைக் காடு 1967ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சரணாலயமாகக் காக்கப்பட்டு வருகிறது. 2002இல், இதனைச் சேர்ந்த சதுப்பு நிலங்களோடு, உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இக்காட்டின் வகையை 'உலர் பசுமைமாறாக் காடு' என்கிறார்கள். பெயரே முரண்பாடாகத் தோன்றலாம். மேற்கு மலைகளில் ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்வதால் காடு பச்சையாக இருக்கிறது. இங்கோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சிதான். ஆயினும் இம்மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. உற்றுப் பார்த்தால் காரணம் விளங்கும். இலைகள் சிறியவை, தோல் போலத் தடித்தவை, நீரை எளிதில் ஆவியாக விடாதவை. மரங்களும் வானளாவ வளர்வதில்லை. ஒன்றையொன்று நெருங்கி, குட்டையாக, கூரை வேய்ந்தாற்போல் நிற்கின்றன. பாலை, காசா, நாவல், களா, காரை, சூரை என்று சித்தப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இத்தகைய காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் இருந்தது. பெரும்பாலும் வயலாகவும் தோப்பாகவும் ஊராகவும் மாறிப்போய், இப்போது கோயிற்காடுகளிலும் இத்தகைய சில இடங்களிலும் துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கிறது. வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு என்பதை நினைத்துக்கொண்டேன். ஊர்ப்பெயரில் இருக்கும் காட்டின் மிச்சம் இதுதான்.

வனக்காவலர் ஒருவர் எங்களுடன் வந்தார். காட்டின் பச்சை இருளிலிருந்து வெளியே வந்ததும் திடீரென்று புல்வெளி விரிந்தது. தந்தையார் சொன்னது சொன்னபடியே இருந்தது. வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெண்மையான வயிறுமாக ஆண்மான் ஒன்று தலைநிமிர்ந்து நின்றது. பெண்மான்கள் பழுப்பு நிறத்தவை, கொம்பில்லாதவை. ஒன்று துள்ள, மற்றவையும் தொடர்ந்து துள்ளி ஓடின. இந்த மான்களுக்கும் இங்கு வரும் பறவைகளுக்கும் இவ்விடம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1962இல் எடுத்துக்காட்டியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்கள். காட்டுக் குதிரைகளும் கண்ணிற்பட்டன. அவை உண்மையில் காட்டுக்கு உரியவை அல்ல. எப்போதோ வளர்த்தவர்கள் கைவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்றார் காவலர்.

புல்வெளியின் ஓரத்தில் முட்புதர்கள் வெட்டிக் குவிக்கப்பட்டிருந்தன. "இது சீமைக்கருவேலம். அமெரிக்க நாட்டு மரம். விறகுக்காகும் என்று போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து வந்தது. விட்டால் புல்வெளி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேரோடு பிடுங்கத்தான் வேண்டும்" என்று காவலர் விளக்கினார்.

என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நாமும் கரக்பூருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தானே?" என்று கேட்டாள். மெல்லிய குரலில்தான் கேட்டாள். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

பள்ளியில் அவளிடம் யாரோ இப்படி ஏதேனும் சொல்லியிருக்க வேண்டும். 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வியை நாம் எல்லோருமே ஒரு நாளாவது எதிர்கொண்டவர்கள். அங்கே மதராஸி, இங்கே வந்தால் வடக்கத்தியான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. காவலரும் சங்கடத்துடன் தரையைப் பார்த்தார். அவர் தீதாக ஒன்றும் சொல்லவில்லை. மரத்தைப் பற்றித்தான் சொன்னார்.

தாயார்தான் பேசினார்கள். "ஏண்டி கண்ணு, முந்தாநாள் சின்னத் தாத்தா சொன்ன கதை மறந்துவிட்டதா? திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்களா? அவர்களுக்கு மரத்திலே சோறு கட்டித் தொங்கவிட்டார்களே, அந்த ஊர் அல்லவா இது!" என்றார்கள். பிறகு சற்று யோசித்து, "வந்தது குற்றமில்லை. வந்த இடத்தில் இன்னொன்றை வாழவிடாமல் செய்கிறதே, அதற்காகத்தான் வெட்டுகிறார்கள். உன் தாத்தா நாற்பது வருஷம் அந்த ஊர் வண்டிக்குச் சக்கரம் பூட்டினார். யாருடைய புல்லையும் அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை" என்றார்கள்.

அவர்கள் எழுதப் படிக்க அறியாதவர்கள். கற்றவன் என்று பெயர் எடுத்த எனக்கு அந்த விடை வரவில்லை.

காவலர் முகம் மலர்ந்து, "பாட்டி சொல்வது சரிதான் பாப்பா. வெளியிலிருந்து வந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் என்னுடன் வா" என்று உப்பங்கழியின் பக்கம் அழைத்துச் சென்றார். தொலைவில், ஆழமற்ற நீரில், பூநாரைகள் வெண்மையும் இளஞ்சிவப்புமாய் வரிசையாக நின்றன. நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரை தேடின. நமது நாட்டில் இப்பறவைகள் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புச் சதுப்பு. சேற்றோரத்தில் கூட்டங்கூட்டமாக உள்ளான்கள் ஓடின. கைக்குள் அடங்கும் அச்சிறு பறவைகளில் சில சைபீரியாவிலிருந்து வருபவை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு, அவற்றின் போக்குவரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வந்து, கோடை தொடங்கும் முன் திரும்பிவிடும். மறு ஆண்டு மீண்டும் வரும். "இவற்றுக்கு யார் பாஸ் எழுதுகிறார்கள், அப்பா?" என்று மகள் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

கடைசியாக, சித்தப்பா எங்களை ஓர் ஒற்றையடிப் பாதை வழியே காட்டுக்குள் அழைத்துச் சென்று, ஓரிடத்தில் நின்றார். "அண்ணன் படுத்துக் கிடந்த மரம் இதுதான்" என்றார்.

அங்கே நின்றுகொண்டிருந்த மரம் எதுவும் இல்லை. இருவர் சேர்ந்து கட்டிப் பிடிக்கத்தக்க ஓர் அடிமரம் இடுப்பளவில் முறிந்து நின்றது. முறிந்த பகுதி பக்கத்தில் உளுத்துக் கிடந்தது. கஜாப் புயலின் வேலை. 1977ஆம் ஆண்டுப் புயலையும் கண்டவர் சித்தப்பா. அதற்கும் நின்ற மரம் இதற்கு நிற்கவில்லை என்றார். நான் மெல்ல அருகே சென்றேன். அப்போதுதான் பார்த்தேன். முறிந்த அடியைச் சுற்றிலும் ஏழெட்டுக் கிளைகள் கிளம்பி, என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. இலைகள் சிறியவை, தடித்தவை, கரும்பச்சை. "இந்தக் காட்டு மரங்களின் குணம் அது, தம்பி. வெட்டினாலும் முறித்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். அன்றைக்குக் காடு போச்சு என்று அண்ணனிடம் சொன்னேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த மழைக்கே துளிர்த்துவிட்டது. வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்றார்.

அவர் என்னைக் குறை கூறும் எண்ணத்தில் சொல்லவில்லை. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சட்டைப் பையில் தந்தையாரின் பாஸ் இருந்தது. அதைக் கடலில் விடலாமா, கோயிலில் வைக்கலாமா என்றெல்லாம் கரக்பூரிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். அங்கே நின்றபோது, எதுவும் செய்யத் தோன்றவில்லை. அவர் காடு அழிந்துவிட்டது என்ற நினைப்போடுதான் போனார். அழியவில்லை என்று காட்டக்கூடிய நாட்கள் கையில் நிறைய இருந்தன. காட்டுவதற்கு உரிய சீட்டும் இருந்தது. காட்ட வேண்டியவன் நான். இதை யாரிடம் சொல்லி ஆறுதல் தேடுவது? சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சித்திரை, வைகாசியிலே பழம் பழுக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. அண்ணன் இந்தப் பழத்துக்கு உயிரை விடுவான்" என்றார். அவ்வளவுதான். பாலைப்பழம் சிறியது, மஞ்சள் நிறம், தேன் போல் இனிக்கும், தின்றால் உதடெல்லாம் பாலாக ஒட்டிக்கொள்ளும் என்று தந்தையார் சொல்லக் கேட்டதுண்டு. நான் இதுவரை தின்றதில்லை.

திரும்பும் நாளன்று வண்டிக்கு நேரம் இருந்தது. என் மகள் மறுபடியும் பெயர்ப்பலகையின் முன் போய் நின்றாள். இம்முறை தமிழெழுத்தை முதலில் படித்தாள். "அகஸ்தியம்பள்ளி" என்று தடங்கலின்றிச் சொல்லிவிட்டுத் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புக்காற்று கண்ணை எரிக்கிறது என்றார்.

அன்பர்களே! இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ரெயில்வேக் குடும்பங்கள். ஆண்டுதோறும் நமக்குப் பாஸ் உண்டு. அவற்றில் எத்தனை பயன்படாமல் காலாவதியாகின்றன என்பது என் பிரிவில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டு வாசலில் வயதான ஒருவர், ஒரு குளத்தைப் பற்றியோ, ஒரு தோப்பைப் பற்றியோ, ஒரு காட்டைப் பற்றியோ திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தால், அது பழைய கதை என்று எழுந்து போய்விடாதீர்கள். மார்ச்சுக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் வரும். ஒவ்வோர் ஆண்டும் முடியும். காடு முறிந்தாலும் துளிர்த்துக்கொள்ளும். நம் பெரியவர்களுக்கு அந்த வசதி இல்லை.

கோடியக்கரைக்குச் செல்ல விரும்புவோர் மழைக்குப் பின், மார்கழி முதல் மாசி வரை சென்றால் பறவைகளை மிகுதியாகக் காணலாம். பாலைப்பழம் வேண்டுவோர் கோடையில் செல்ல வேண்டும். இந்தச் சித்திரைக் கடைசியில் நாங்கள் செல்கிறோம். லீவு கேட்டுவிட்டேன். பாஸும் எடுத்தாயிற்று. சேரும் இடம் என்ற கட்டத்தில் அகஸ்தியம்பள்ளி என்றே இருக்கிறது.